ரேமைத் துடைக்கும் மதியம்

கணினி மூன்று முறை பீப் அடித்துவிட்டு மறுபடியும் இருண்ட திரையோடு நிற்கிறது. மனைவி மொழிபெயர்த்த நாவல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது; மாலைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணவன் மின்இணைப்பைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தற்காலிக நினைவகமான ரேமை உருவி, அதன் தங்கநிற ஓரத்தை ரப்பரால் பதமாகத் தேய்க்கிறான். ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. அவள் டார்ச்சோடு மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "கொஞ்சம் கிட்டக் காட்டு." காட்டுகிறாள். "எல்லாம் போயிருக்குமா?" "எழுதினது ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." ரேம் டிக்கென்று உட்காருகிறது. இணைப்பைக் கொடுத்துப் பொத்தானை அழுத்துகிறான். ஒரே ஒரு பீப். விசிறி சுழல, திரை நீலமாக விரிகிறது. அவள் நாவலைத் திறந்து கடைசிப் பக்கம்வரை ஓட்டிப் பார்க்கிறாள். அவன் எழுந்திருக்கிறான். "உட்காருங்க," என்கிறாள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "அனுப்புறவரைக்குமாவது."