மூணேகால் மீட்டர்

ரோஸ்டாக் நகரத்துக் கடையில் ஹைட்ரூன் அம்மாள் மூன்று கேரவன்களையும் சுற்றிச் சுற்றி வந்தார். விற்பனையாளன் டோர்பன் பின்னாலேயே ஓடினான்.

“படுக்கையப் பாருங்கம்மா, பஞ்சு மாதிரி!”

“அது கிடக்கட்டும் தம்பி. இது எவ்வளவு உயரம்?”

“ரெண்டே முக்கால் மீட்டர்.”

“பத்தாது. அது?”

“மூணேகால். ஆனா சின்னப் பாலத்துக்கு அடியில போகாதும்மா.”

“அது எங்கயும் போகவேணாம். என் வீட்டு வேலியோரமா நின்னா போதும்.”

“சும்மா நிக்கவா இவ்வளவு பெரிய வண்டி?”

“பக்கத்து வீட்டு வில்ஃப்ரீட் தினமும் பால்கனியில அம்மணமா நின்னு காப்பி குடிக்கிறார். என்னப் பாத்துக் கைய வேற ஆட்டுறார்! வேலிய ரெண்டு மீட்டருக்கு மேல உயர்த்தக் கூடாதாம். வண்டிக்கு அந்தச் சட்டம் இல்லையே!”

டோர்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“மூணேகாலையே எடுத்துக்குங்கம்மா. நான்தான் வித்தேன்னு, அந்தப் பால்கனியில நிக்கிற எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”