சட்டை போடாத &

ஒரு கடையின் இணையதளம் திறக்கும்போதெல்லாம் ஒரு முகவரி, தளத்தை நடத்தும் சர்வர் என்ற தொலைதூரக் கணினிக்குப் புறப்படும். அதில் & குறிகள் இரண்டு இருந்தன. ஒன்று ‘பால் & தேன்’ என்ற கடைப்பெயருக்குள் நின்றது. மற்றது கடைப்பெயரையும் ஊர்ப்பெயரையும் பிரித்துக்கொண்டு வெளியே நின்றது.

அன்றும் புறப்படும் முன் % குறி வந்து, பெயருக்குள் இருந்த எல்லோருக்கும் %26 போன்ற குறியெண்களால் ஆன சட்டை மாட்டியது. வெளியே நின்ற & குறியைத் தொடவில்லை.

உள்ளே இருந்த & குறிக்கு வயிறு எரிந்தது. “நானும் அதுவும் ஒரே அச்சு. அது மட்டும் முகம் தெரியப் போகலாம், நான் மூடிக்கொண்டு போகணுமா?”

“உன் முகத்தைப் பார்த்தால் சர்வர் அந்த இடத்தில் வெட்டிவிடும். உள்ளே போனதும் சட்டையைக் கழற்றிவிடுவார்கள்” என்றது %.

“அதை வெட்டினால் பரவாயில்லையா?”

“அது வெட்டவேண்டிய இடத்தில்தானே நிற்கிறது!”

& நம்பவில்லை. வழியில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது. சர்வர் பார்த்தது, வெட்டியது. பால் ஒரு பக்கம், தேன் ஒரு பக்கம். “பால் என்று ஒரு கடையே இல்லை” என்று சர்வர் கதவைச் சாத்தியது. தளம் திறக்கவில்லை.

“இத்தனை நாள் உன் கையைத்தானே பிடித்துக்கொண்டிருந்தேன்” என்று தேன் அழுதது.

தலைகுனிந்து நின்ற & குறியிடம் மற்ற & மெல்ல வந்தது.

“உன்னைப் பார்த்துத்தான் நான் தினமும் பொருமுவேன். நீ இரண்டு பேரைச் சேர்த்துவைக்கிறாய். நான் போகுமிடமெல்லாம் பிரிக்கத்தானே நிற்கிறேன்?”

தளத்தை மறுபடி திறந்தார்கள். பெயருக்குள் இருந்த & கையை நீட்டிச் சட்டையை மாட்டிக்கொண்டது. மற்றது அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது.