முட்டிக்கு நாற்பத்தொன்று

டீக்கடை டிவியில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. ஜெபஸ்டினின் வலது முட்டியின் பலம் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று திரையின் மூலையில் காட்டியது. கடைசி ரெய்டுக்கு அவனை அனுப்புவதா, உட்காரவைப்பதா என்று ரசிகர்கள்தான் செல்போனில் ஓட்டுப் போட வேண்டும். அனுப்பப் பச்சை, உட்காரவைக்கச் சிவப்பு.

“போன மேட்ச்ல முப்பத்தெட்டுலயே நாலு பாயிண்ட் எடுத்தாம்லா. இறக்கலாம்டே,” என்றான் மஞ்சள் பனியன்காரன் ஒருவன்.

“அதுக்கப்புறம் அவனால படியேற முடியலய்யா,” என்றார் ஞானமுத்து. பஸ்ஸுக்காகக் காத்திருந்த வெளியூர்க்காரர்.

“ஒம்மகிட்ட வந்து சொன்னானாக்கும்.”

கடையே சிரித்தது. எல்லோருடைய செல்போனும் பச்சையாக ஒளிர்ந்தது. அவருடையது மட்டும் சிவந்தது.

“எதிர் டீம் ஆளுல இவன்.”

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. பெஞ்சோடு சரிந்தவரை விலாவிலேயே மிதித்தார்கள்.

“அவன் எம் மவன்யா,” என்றார்.

“அப்பன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்கான்,” என்றபடி ஒருவன் டீ கிளாஸை அவர் வாயிலேயே குத்தினான். கண்ணாடியோடு பல்லும் உடைந்தது.

டிவியில் விசில் ஊதியதும் அவரை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தரையில் கிடந்த ஞானமுத்துவுக்குத் திரை தெரியவில்லை. மஞ்சள் முதுகுகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு முதுகிலும் ஜெபஸ்டின் என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

மகன் அலறுவது கேட்டது.

“முட்டி பூஜ்யமாயிட்டுடே,” என்றது ஒரு முதுகு. “சரி, அடுத்த மேட்சுக்கு யார இறக்கலாம்?”