பத்து மூச்சு

தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்த கையோடு பொன்னுத்தங்கம் வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பத்து மூச்சு எண்ணியாக வேண்டும். மனசு வெளியே போகாமல் பத்து. போய்விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

பத்து எண்ணுவது ஒரு பாடா என்று சிரிப்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்ணோடு புத்த மடத்துக்குப் போய்க் கற்றது இது. கப்பலேறும்போது கழுத்து நகையைச் சுங்கத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இதை வாங்க முடியவில்லை. ஆனால் ஊர் வந்து ஒன்றரை வருஷமாகப் பத்தை எட்டினாளா என்றால் இல்லை. ஏழிலோ எட்டிலோ மனசு ரங்கூன் வீட்டுக்கு ஓடிவிடும். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் இதற்குப் பெயர் தூக்கம். மருந்துக்கு நடுவே தூங்குகிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்? போர்மேன் சீனிவாசகம் நேற்றே சொல்லிவிட்டார்.

“ஏ பர்மாக்காரி, இன்னொரு தடவ நீ கண்ண மூடிப் பாத்தேன், பேர வெட்டிருவேன், ஆமா.”

வீட்டில் இவளை நம்பி மூன்று வயிறு. தெரிந்துதான் உட்கார்ந்தாள். இதுவும் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் அவளுக்கு.

நான்கு. ஐந்து.

ஏதோ வாடை. ஆட்டுக்கொட்டிலில் அடிக்குமே, அந்த மாதிரி. காலைத் தூறலுக்கு எந்த ஆடு வந்து ஒதுங்கியதோ!

வாடை வந்தால் வந்தது என்று அறிந்துகொள், அதன் பின்னாலே போகாதே, மூச்சுக்குத் திரும்பு. மடத்துப் பிக்கு சொன்னது அதுதான். திரும்பினாள்.

ஒன்று. இரண்டு. ஆறு வரை வந்தாள். மறுபடி வாடை. மறுபடி திரும்பினாள்.

கொட்டகை நிழலில் எட்டுப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடைத்தாயின் சிரிப்புதான் பெரிசு. அதையும் விட்டாள்.

மூன்றாம் தடவை மனசு நின்றேவிட்டது. எட்டு. ஒன்பது. அடியம்மா, ஒன்பது!

இழுத்த பத்தாவது மூச்சில் அந்த வாடை சூடாக இருந்தது.

ஆடாவது ஒன்றாவது! ஈரம் பட்ட அலுமினிய மருந்து கொதிக்கிற வாடை. போன மழைக்காலத்தில் ஒரு தொட்டி மருந்தைக் குழிதோண்டிப் புதைத்தார்களே, அன்றைக்கு அடித்ததும் இதுதான்.

கண்ணைத் திறந்தாள். எதிரே இடுப்பில் கைவைத்தபடி சீனிவாசகம்.

“அண்ணாச்சி, கலவ ரூமுல மருந்து சூடாகுது. இவுகள மெதுவா வெளிய கூட்டிட்டுப் போங்க. சத்தம் போட்டுறாதீக.”

திட்ட வந்தவர் மூக்கை உறிஞ்சினார். முகம் வெளுத்துவிட்டது.

சோற்றைப் போட்டது போட்டபடி விட்டு, எட்டுப் பேரும் வரிசையாக நடந்து ரோட்டுக்கு வந்தார்கள். வந்து நின்றபோது கலவை அறையின் ஓடுகள் பறந்தன. மிச்ச மருந்தை நனைந்த சாக்கால் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான்.

ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை.

சீனிவாசகம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்புட்டு உசுரும் ஒன் தியானத்துலதான் தாயி பொழச்சிருக்கு. இனிமே நீ கண்ண மூடியே உக்காரு. எவன் கேக்கான்னு பாப்போம்.”

பொன்னுத்தங்கம் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாவம், பயந்துவிட்டாள் என்றார்கள். முதல் ஐந்திலேயே மூக்குக்கு வந்ததை, இரண்டு தடவை தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்ததை, அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, தங்களுக்கும் கற்றுத்தரச் சொன்னார்கள். மூச்சைப் பார்க்க, எண்ண, தவறினால் முதலிலிருந்து தொடங்க, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

“எம்புட்டு வரைக்கும்க்கா எண்ணணும்?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

“ஒம்போது. அதோட கண்ணத் தொறந்து சுத்தி ஒரு தடவ பாத்துக்கிடுங்க.”