சர்வருக்காக ஒரு ஜெபம்

எருசலேமில் இறங்கியதிலிருந்து, தஞ்சாவூரில் மெஸ் நடத்தும் வியான்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூசையின்போதுகூட செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பங்கு மக்களை யாத்திரை அழைத்து வந்திருந்த ரோஸ்லின் டீச்சர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

“என்ன தம்பி, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“நம்ம சர்வர் படுத்துட்டான் டீச்சர். கூப்பிட்டா பதிலே இல்ல.”

“ஐயையோ! என்னவாம்?”

“சூடு தாங்கல போல. ராத்திரி பகலா வேலை பாக்குறவன்.”

“லீவு குடுக்க மாட்டியா?”

“குடுத்தா ஊரே என்னைத் திட்டும் டீச்சர்.”

“நீயெல்லாம் யாத்திரை வந்து என்ன புண்ணியம்?”

டீச்சருக்கு மனசு ஆறவில்லை. கல்லறைக் கோவிலில் யாருக்கென்று சொல்லாமலே எல்லாரையும் முழந்தாளிட வைத்து, பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காகக் கண்ணீரோடு ஜெபமாலை சொன்னார். வியான்னி வழக்கம்போல படமெடுத்து ஊருக்கு அனுப்பினான்.

சாயங்காலம் அவன் மனைவி அழைத்தபோது, டீச்சர்தான் போனைப் பிடுங்கிப் பேசினார்.

“பையன் எப்படிம்மா இருக்கான்?”

“எந்தப் பையன் டீச்சர்?”

“அதான், உங்க சர்வர்!”

“அதுவா? அலமாரியில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிதானே? பிளக்கைப் புடுங்கிச் சொருகினேன், எந்திரிச்சிடுச்சு. அதுல இவர் ஓட்டுற நம்ம பங்கு வெப்சைட்டுல உங்க போட்டோ எல்லாம் வந்துடுச்சு. ஊரே பாத்துட்டுப் பதறுது டீச்சர். இப்படி அழுது ஜெபம் பண்றீங்களே, அங்க யாருக்கு உடம்பு முடியல?”