யமாதோ என்று வாசிக்கவும்

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். மறுபடியும் பையன் பேர் விஷயம்தான்," என்றார் நிவா. ஆறாம் வகுப்பு முடிப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் விழா தொடங்க இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"காலையிலேருந்து சொல்லிப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் சார். யமாதோ, யமாதோ," என்றார் ஹொரி டீச்சர்.

"ஏப்ரல்ல ஹருதோன்னு கூப்பிட்டீங்க. ஜூன்ல ஹிரோதோ."

"மன்னிச்சுக்குங்க. அந்த வருஷம் பிறந்த பாதி ஜப்பானுக்கு பேர் எழுதுறது அதே ரெண்டு சித்திர எழுத்துலதான். வாசிக்கிறது மட்டும் வீட்டுக்கு ஒரு விதம். என் வகுப்புலயே நாலு பேர்."

"ஆஸ்பத்திரியிலயும் தப்பாத்தான் கூப்பிட்டாங்க. திருத்தித் திருத்தி அலுத்துப்போய், யார் பேரைச் சொன்னாலும் எழுந்து போக ஆரம்பிச்சுட்டான்." நிவாவின் குரலிலும் அதே அலுப்பு. "இன்னிக்கு ஒரு நாள் சரியா கூப்பிட்டுடுங்க. போதும்."

அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பெயர்கள் வரத் தொடங்கின. அதே எழுத்துக்காரர்களான ஹருதோ, ஹிரோதோ, தைகா மூவரும் தங்கள் முறை வந்ததும் எழுந்து, "உள்ளேன்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"நிவா யமாதோ."

டீச்சர் பிசகவில்லை. நவம்பரில் இறந்துபோன மகனின் படத்தை நிவா பையிலிருந்து எடுத்து, நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தார்.

பதில் சொல்ல யாருமில்லாமல் அரங்கம் காத்திருந்தது.

ஹருதோ எழுந்தான். ஹிரோதோ எழுந்தான். தைகாவும் எழுந்தான்.

"உள்ளேன்!"