வாய் திறக்காத கல்லீரல்

ஓர் உடம்பில் வயிறு ஓயாமல் புலம்பும். கல்லீரல் வாயே திறக்காது.

பரிசோதனைக்குக் கிளம்பிய ரத்தத்துளி, "டாக்டருக்கு ஏதாவது சொல்லணுமா, அண்ணே?" என்று கல்லீரலைக் கேட்டது.

"ஒண்ணுமில்லே. போய்ட்டு வா."

ஆய்வகத்துக் கருவி துளியை அளந்து திடுக்கிட்டது. "ஏன்டா, கல்லீரல் செல்லுக்குள்ளே கிடக்கவேண்டிய நொதி உன்கிட்டே இவ்வளவு இருக்கே!"

துளிக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்புக்கார ஆள் குடிக்கும் சாராயத்தால் கல்லீரலின் செல்கள் கிழிந்து நொதி கசிந்திருக்கிறது. அந்த நிலையிலும் அண்ணன் துளியைச் சுத்தம் செய்தே அனுப்பியிருக்கிறார்.

"அண்ணன் சாகும்வரை சொல்லமாட்டார். அறிக்கையிலே அந்த நொதி அளவைத் தடித்த எழுத்தில் போடுங்க!" என்றது துளி.

டாக்டர் படித்தார், ஆளின் குடியை நிறுத்தினார்.

சாராயம் வராத முதல் நாளிலும் கல்லீரல் ஓய்வெடுக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல், தன் கிழிசலைத் தானே தைக்க உட்கார்ந்தது.